என் பக்கத்துச் சோறு

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இடது கையால் எழுதுகிறேன். வலது கைக்கு அடி ஒன்றும் படவில்லை, சுளுக்கும் இல்லை. ஆனால் அந்தக் கையால் பேனாவைத் தொடக்கூடாது. ஏன் என்று படித்துக்கொண்டு போனால் உங்களுக்கே தெரியும்.

என் பெயர் தாணுமாலயன், ஊர் ஆரல்வாய்மொழி. எங்கள் பக்கத்தில் தென்னைக்குச் சமமாகக் காற்றாலை நிற்கும். நான் அவற்றுக்கு வைத்தியம் பார்க்கிறவன். கற்பிட்டியில், களப்பு என்று அங்கே சொல்கிற கடற்கழியோரமாக நிற்கிற காற்றாலைகளுக்கு எட்டு மாத ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போயிருந்தேன். ஒப்பந்தம் முடிந்து, செவ்வாய்க்கிழமை மாலை விமானம். ஊரில் என் மனைவி பகவதிக்கு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அந்த விமானத்தைத் தவறவிட்டால் அவள் என்னை உயிரோடு விடமாட்டாள் என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை போயா, அங்கே பௌர்ணமிக்கு விடுகிற விடுமுறை. எனக்கு விடைகொடுக்க மஸாஹிர் ஒரு பயணம் ஏற்பாடு செய்தான். மஸாஹிர் எங்கள் தளத்தில் மின் வேலை பார்க்கிறவன். என்னைவிடப் பத்து வயது இளையவன், என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். எட்டு மாதத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல் அவன் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். மற்ற நாட்களில் காரணம் கண்டுபிடித்துக்கொண்டு போயும் சாப்பிட்டிருக்கிறேன். அவன் மனைவி றைஸாவின் புரியாணிக்கு முன்னால் எனக்கு மானம் ரோஷம் ஒன்றும் கிடையாது.

அந்த வீட்டில் விருந்தென்றால் சஹன்தான். அகலமான வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றி உட்கார்ந்து எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவது. ஒரு சஹனுக்கு ஆறு பேர் என்பார்கள் சில ஊரில், நாலு என்பார்கள் சில ஊரில். மஸாஹிர் வீட்டில் ஐந்து. முதல் நாள் எனக்கு விவரம் தெரியாது. வயிறு நிறைந்ததும் பாதியில் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் நாலு பேரும் சோற்றில் கையை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மஸாஹிர்தான் சிரித்துக்கொண்டே விளக்கினான். அவரவர் பக்கத்தை அவரவர் முடிக்க வேண்டும், பக்கத்தில் சோறு இருக்கும்போது எழும்பக் கூடாது. கூப்பிட்ட ஆளைத் தனியாகச் சாப்பிட விட்டுப் போகக் கூடாது. எல்லாருக்கும் பிறகு, கடைசியாகக் கை எடுப்பவன் வீட்டுக்காரன். சட்டம் இவ்வளவுதான், வக்கீல் வேண்டாம் என்றான். நான் திரும்ப உட்கார்ந்து முடித்தேன்.

காலை எட்டு மணிக்குக் கண்டக்குழியில் ஜௌபரின் வள்ளத்தில் ஏறினோம். ஜௌபர் பரம்பரை மீன்பிடிகாரர், ஐம்பது வயதிருக்கும், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி பேசாத மனுஷன். அவரோடு எங்கள் தளத்தின் கிரேன் ஓட்டுகிற மஹ்ரூப். இவன் நேர்மாறு, வாயை மூடினால்தான் செய்தி. ஐந்தாவதாக வரவேண்டிய றிஸ்கானின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அதிகாலையில் தகவல் வந்தது. ஆக நாங்கள் நாலு பேர். றைஸா கட்டிக் கொடுத்த சாப்பாடு மட்டும் ஐந்து பேருக்கு.

விடுமுறை நாளில் மற்றத் தீவுகளில் எல்லாம் கொழும்புக் கூட்டம். அதனால் கோரைத்தீவுக்குப் போவோம் என்றான் மஸாஹிர். பெரிய பெயர்தான், தீவு ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவு. ஜௌபர் இஞ்சினைப் பார்த்துக்கொண்டே, அப்படியென்றால் சாப்பாட்டை வள்ளத்திலேயே வைத்துச் சாப்பிடுவோம் என்றார். சஹனை வள்ளத்தில் வைத்தால் மீனுக்குத்தான் விருந்து என்று மஹ்ரூப் சிரித்தான். நாங்களும் சிரித்தோம். ஜௌபர் இஞ்சினை முடுக்கினார். அன்று அவர் இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

களப்பு அன்று எண்ணெய் தடவின மாதிரி கிடந்தது. தெற்கே நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, கரையோரம் நான் பராமரித்த காற்றாலைகள். காற்றே இல்லாமல் அவை சோம்பி நின்றதைப் பார்க்க, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போகிற அப்பனைப் போல எனக்குக் கொஞ்சம் கலங்கியது. மத்தியானத்துக்கு மேல் சோழகக் காற்று எழும்பும், மூன்று மணிக்கு முன் புறப்பட்டுவிட வேண்டும் என்றார் ஜௌபர். முக்கால் மணி நேரத்தில் தீவு வந்தது.

சுற்றிக் கண்டல் மரங்கள், நடுவில் கோரைப்புல். ஒரே ஒரு பூவரசு, அதன் பின்னால் மீன்பிடிகாரர் பருவத்துக்கு வந்து தங்குகிற ஒரு வாடி. கிடுகுக் கூரை பாதி விழுந்து, உள்ளே வெயில் ஒழுகியது. நாங்கள் குளித்தோம், தூண்டில் போட்டோம். மஹ்ரூப் தன் கலியாணக் கதையை மூன்றாவது தடவையாகச் சொன்னான். நல்ல நாள்தான்.

மத்தியான ளுஹர் தொழுகைக்கு அவர்கள் மூவரும் பூவரச நிழலில் நின்றபோது நான் வாடியைச் சுற்றிப் பார்க்கப் போனேன். கூரை விழுந்த வாடியில் தரை மட்டும் பெருக்கியிருந்தது. ஈர்க்குமாற்றின் கோடுகள் மணலில் அப்படியே இருந்தன. அடுப்பில் சாம்பல் இல்லை, ஆனால் விறகுப் புகை வாசம் அடித்தது. பின்பக்கம் ஒரு வயதானவர், சாரமும் பனியனுமாக, தோளில் சுள்ளிக் கட்டோடு கண்டல் பக்கம் போய்க்கொண்டிருந்தார். முதுகைத்தான் பார்த்தேன். நான் கனைத்தேன். அவர் திரும்பவில்லை.

வந்து மஸாஹிரிடம் சொன்னேன், இங்கே ஒரு பெரியவர் இருக்கிறார் என்று.

அவன் அப்போது பூவரசின் கீழே பாயை விரித்து சஹனைத் திறந்துகொண்டிருந்தான். மூடியிருந்த துணியை எடுத்ததும் நெய்யும் ஏலமும் மணத்தன. ஜௌபர் நங்கூரத்தைச் சரிபார்க்க வள்ளத்துக்குப் போயிருந்தார். மஸாஹிர் பாயில் காலியாக இருந்த ஐந்தாம் இடத்தைப் பார்த்தான், வாடிப் பக்கம் பார்த்தான். அவன் வீட்டில் யாராக இருந்தாலும் என்ன செய்வார்களோ அதையே செய்தான். கையை வாயருகே குவித்து, மூத்தவர்களை அவர்கள் அழைக்கிற மாதிரி நானா என்று சத்தமாகக் கூப்பிட்டான்.

"நானா, வாங்கோ! சஹன்ல ஒரு இடம் இரிக்கி. எங்களோட சாப்பிட வாங்கோ!"

கண்டலுக்குள் ஒரு கொக்கு மட்டும் எழுந்து பறந்தது. வருவார், வெட்கப்படுகிறார் போல என்று மஸாஹிர் ஐந்தாம் பக்கத்திலும் ஒரு கோழித் துண்டை வைத்தான். ஜௌபர் வந்து உட்கார்ந்தார். தண்ணீர்க் கேத்தல் சுற்றி வந்தது, கை கழுவினோம். பிஸ்மில்லாஹ் சொல்லி அவர்கள் கை வைக்க, நான் முருகா என்று வைத்தேன்.

முதல் பத்து நிமிடம் நான் தலை நிமிரவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் நான் அப்படித்தான்.

நிமிர்ந்தபோது ஐந்தாம் பக்கத்தில் சோற்றில் ஒரு குழி இருந்தது.

மஹ்ரூப்பின் குசும்பு என்று நினைத்தேன். அவன் எனக்கு நேர் எதிரே, அந்தப் பக்கத்துக்கு அடுத்து உட்கார்ந்திருந்தான். அடுத்தவன் பக்கத்தில் கை வைக்கிறாயா என்று கேட்க வாயெடுத்தேன். அப்போது அவனும் அந்தக் குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் நிறையச் சோறு, மெல்லவில்லை.

குழியின் ஓரத்தில் நாலு விரல் கோடுகள் இருந்தன.

நாங்கள் பார்க்கப் பார்க்க ஐந்தாவது கோடு விழுந்தது. சோறு மெதுவாகச் சேர்ந்து, ஒரு கவளமாகத் திரண்டு, இல்லாமல் போனது.

பிறகு சத்தம். பல்லில்லாத வாய் மெல்கிற மெத்தென்ற சத்தம். அவசரமே இல்லாமல்.

காய்ந்த சேறும் பழைய வலையும் விறகுப் புகையும் கலந்த வாசம் நெய் வாசத்தை அமுக்கிக்கொண்டு வந்தது. என் முழங்காலிலிருந்து ஒரு சாண் தள்ளி, பாய் யாரோ உட்கார்ந்த மாதிரி அமுங்கியிருந்தது.

ஜௌபரின் முகம் சாம்பலாக இருந்தது. யாரைக் கூப்பிட்டாய் என்று மஸாஹிரைக் கண்ணாலேயே கேட்டார். மஸாஹிர் வாடியைக் கண்ணால் காட்டினான். ஜௌபர் தலையைக் குனிந்துகொண்டு, உதடு அசையாமல் சொன்னார்.

"ஒருத்தரும் எழும்பாதீங்க. சாப்பிடுங்க. சும்மா சாப்பிடுங்க."

மஹ்ரூப் கேட்கவில்லை. துள்ளி எழுந்து கடற்கரைப் பக்கம் ஓடினான். நாற்பது அடி தூரத்தில் வள்ளம் நிற்கிறது. அவன் கோரைக்குள் ஓடுவது தெரிந்தது, கால் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. அடுத்த கணம் எங்களுக்குப் பின்னால், வாடிப் பக்கத்திலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றான்.

"வள்ளத்துலதான் கால் வெச்சேன்," என்றான். "கால் பாயில பட்டுது."

சாரத்தின் ஓரம் நனைந்திருந்தது. அவன் தன் இடத்தில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அந்த மத்தியானம் முழுக்க அவன் ஒரு வேடிக்கையும் பேசவில்லை.

எனக்குப் பயம் என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. எண்பது மீட்டர் உயரத்தில் காற்றாலைத் தலையில் தொங்கி வேலை செய்திருக்கிறேன், அது பயமில்லை. விமானம், பகவதி, பிறக்கப் போகிற பிள்ளை, எல்லாம் களப்புக்கு அந்தப் பக்கம் இருந்தன. நான் ஒரு பாயில், ஐந்தில் ஒரு ஆளாக மாட்டிக்கொண்டிருந்தேன்.

ஜௌபர் சோற்றைப் பிசைந்துகொண்டே, கவளத்துக்கு ஒரு வசனமாகக் கதையைச் சொன்னார். அவருடைய வாப்பாவும் இன்னும் மூன்று பேரும் இந்த வாடியில் பருவத்துக்குத் தங்கித் தொழில் செய்தவர்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர் செய்னுலாப்தீன் என்ற பெரியவர். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் போகச் சொன்னபோது ஒரு பையோடு வெளியேறி, குடும்பத்தை வழியில் தவறவிட்டு, புத்தளத்துக்கு வந்து சேர்ந்தவர். பல் இல்லாததால் மெதுவாகச் சாப்பிடுவார். நானா சாப்பிட்டு முடிய அடுத்த பெருநாள் வந்துவிடும் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான், நான் கை எடுக்கும்வரைக்கும் கொஞ்சம் இருங்கள் என்று.

ஒருநாள் காற்று மாறுகிற அறிகுறி தெரிந்தது. வலையை எடுத்துவிட்டு வருகிறோம், நீங்கள் சாப்பிட்டு முடியுங்கள் என்று நாலு பேரும் பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போனார்கள். காற்று அவர்களைக் கரைக்குத் தள்ளியது. தீவில் இருந்ததோ அரைக் குடம் தண்ணீர். ஐந்தாம் நாள்தான் திரும்ப முடிந்தது. வந்து பார்த்தால் செய்னுலாப்தீனைக் காணவில்லை, மையித்தும் கிடைக்கவில்லை. சஹன் மட்டும் பூவரசின் கீழே துணியால் மூடியபடி இருந்தது. உள்ளே மிச்சச் சோறு ஐந்து பக்கமாகப் பிரித்து வைத்திருந்தது. அவர்கள் போன பிறகு ஒரு பக்கத்தையும் அவர் தொடவில்லை. தனியாகச் சாப்பிடாமல், வருவார்கள் என்று காத்திருந்திருக்கிறார்.

"எங்கட வாப்பா மவுத்தாகும் வரைக்கும் சஹன்ல கை வைக்கல்ல," என்றார் ஜௌபர். "இது ஜின்னோ, அவரோ, அல்லாஹ்தான் அறிவான். ஆனா கூப்பிட்டாச்சு. இனி முறைப்படி முடிச்சாத்தான் எழும்ப ஏலும்."

முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவரவர் பக்கத்தை முடி. விருந்தாளியைத் தனியே விடாதே. வீட்டுக்காரன் கடைசி.

ஜௌபர் தன் பக்கத்தை முடித்தார். தட்டின் வெள்ளை தெரியும்வரை வழித்தார். வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி எழுந்து வள்ளத்தை நோக்கி நடந்தார். போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தார். மஹ்ரூப் கண்ணில் நீர் வர வர விழுங்கி முடித்தான். அவனும் போய்ச் சேர்ந்தான்.

மணி இரண்டே முக்கால். பூவரச இலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டன. சோழகம் எழும்பிவிட்டது.

எனக்கோ தொண்டை அடைத்துவிட்டது. ஊரெல்லாம் சோற்றுமூட்டை என்று பேரெடுத்தவன் நான். கவளத்தை வாயில் வைத்தால் அது பழைய வலை வாசம் அடித்தது, குமட்டியது. என் பக்கத்தில் இன்னும் நாலைந்து பிடி இருந்தது. பக்கத்தில் அந்தப் பல்லில்லாத வாய் நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் குவியல் பாதிகூடக் குறையவில்லை.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். சின்ன வயதில் அம்மாவை ஏமாற்றச் செய்கிற காரியம். என் பக்கத்து மிச்சச் சோற்றை விரலால் மெல்ல ஒதுக்கி, கோழி எலும்புகளுக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு பெரிய எலும்பை வைத்து மூடினேன். என் பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது.

"ஆச்சு. எனக்கும் முடிஞ்சுது," என்றேன்.

மஸாஹிர் எலும்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் விருந்தாளியின் முகத்தை முறிக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"போங்க அண்ணன்," என்றான் மெதுவாக. "காத்து வருது. உங்களுக்கு ஃபிளைட் இரிக்கி. நான் கூப்பிட்ட ஆள், நான் இரிந்து முடிச்சிட்டு வாறேன். ஜௌபர் நானாவ பின்னேரம் வரச் சொல்லுங்க."

நான் இருந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம், இல்லை, நானும் இருக்கிறேன் என்று வாயளவிலாவது சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. எழுந்தேன். ஒவ்வொரு அடிக்கும் பாய் காலில் படும் என்று எதிர்பார்த்துக்கொண்டே நடந்தேன். படவில்லை. தண்ணீர் பட்டது, வள்ளத்தின் விளிம்பு பட்டது. ஏமாற்றிவிட்டேன் என்று என் நெஞ்சு துள்ளியதை இன்று நினைத்தால் கூசுகிறது.

மஸாஹிருக்காகக் கொஞ்சம் பொறுப்போம் என்றான் மஹ்ரூப். கால் மணி நேரம் பொறுத்தோம். அலை வள்ளத்தைக் கண்டலில் மோதத் தொடங்கியது. ஜௌபர் என்னையும் மஹ்ரூப்பையும் கரை சேர்த்துவிட்டு, பெரிய இஞ்சின் பூட்டிய வள்ளத்தோடு உடனே திரும்பி வருவதாக முடிவு செய்தார். திரும்பிப் பார்த்தேன். பூவரசின் கீழே மஸாஹிர் யாருக்கோ தலையசைத்துக் கதை கேட்டுக்கொண்டிருந்தான். எதிரே காலி.

உடனே திரும்ப முடியவில்லை. அன்று மாலை காற்று கூரைத் தகடுகளைப் பிடுங்கியது. ஜௌபர் இரண்டு தடவை இறங்கி இரண்டு தடவையும் கரைக்கே தள்ளப்பட்டார். றைஸா வாசலில் நின்று கேட்டாள், அவர் எங்கே என்று. நான் என் அறைக்குப் போய்ப் பெட்டி கட்டினேன். கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன்.

செவ்வாய் காலை காற்று தணிந்ததும் ஜௌபரும் றைஸாவின் தம்பியும் தீவுக்குப் போனார்கள். நான் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற வண்டியில் ஏறினேன். சிலாபம் தாண்டும்போது ஜௌபர் தொலைபேசியில் வந்தார். மஸாஹிர் உயிரோடு இருக்கிறான் என்றார். நான் அந்த வண்டியிலேயே அழுதுவிட்டேன். சுகமாக இருக்கிறான், தண்ணீர் குடித்தான், பேசுகிறான். ஆனால் பாயை விட்டு எழும்பவில்லை. இரண்டு பேரும் அவனைத் தூக்கி வள்ளத்தில் வைத்தார்கள். வைத்த கணமே அவன் மறுபடி பாயில் இருந்தான். மூன்று தடவை.

போன் கை மாறியது. மஸாஹிர் பேசினான்.

"அவர் விடிய முந்தி சாப்பிட்டு முடிச்சிட்டாரு அண்ணன். கை கழுவி, துஆ ஓதிட்டுப் போய்த்தாரு. நல்ல மனுஷன்." அவன் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. "இப்ப உங்கட பக்கம்தான் மிச்சம். நீங்க முடிக்காம நான் எப்படிக் கை எடுக்கிற?"

வண்டியைத் திருப்பச் சொல்ல இரண்டு மணி நேர அவகாசம் எனக்கு இருந்தது. நான் திருப்பச் சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டவன் என் பக்கத்துச் சோற்றுக்குக் காவல் இருக்க, நான் விமானம் ஏறினேன். பகவதியை நினைத்துத்தான் என்று சொன்னால் அதுவும் பொய். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

புதன்கிழமை விடியற்காலை ஆரல்வாய்மொழியில், என் வீட்டுக் கட்டிலில் கண் விழித்தேன். வலது கை விரல்களில் சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருந்தன. நெய்யும் ஏலமும் மணத்தன.

கழுவினேன். காப்பி குடிக்கும்போது மறுபடி இருந்தது. பகவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, எச்சில் கையோடு என்ன எழுந்து திரிகிறீர்கள் என்று திட்டினாள். சாப்பிட்ட கையைக் கழுவாமல் எதையும் தொடக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். கழுவக் கழுவ வருகிற எச்சிலை என்ன செய்ய? அன்றிலிருந்து கதவு, கைபேசி, சாமி படம், எல்லாம் இடது கைதான். பகவதியின் வயிற்றில் பிள்ளை உதைக்கிறதைத் தொட்டுப் பார்க்கக்கூட அந்தக் கையை நீட்டவில்லை.

வியாழன் இரவு றைஸா பேசினாள். அவள் தினமும் தீவுக்குத் தண்ணீரும் மாற்றுச் சாரமும் கொண்டு போகிறாள். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சோறு ஊசவில்லை, எறும்பு மொய்க்கவில்லை என்றாள்.

"எலும்புக்குக் கீழ நீங்க ஒளிச்ச சோறு இப்ப வெளிய வந்தீக்கி," என்றாள். "விடியக் காலம பார்த்தா உங்கட பக்கத்துல விரல் அடையாளம் புதுசா இரிக்கும். ஆனா சோறு ஒரு பருக்கையும் குறையல்ல. அவரு மெலிஞ்சிட்டாரு, அண்ணன். வந்து முடிச்சிட்டுப் போங்கோ."

விரல் அடையாளம். நான் இங்கே கட்டிலில் படுத்திருக்கும்போது, அங்கே பாயில் என் இடம் அமுங்கியிருக்கிறது. அந்தத் தீவு என்னை விட்டுவிட்டது என்று நினைத்தேன். நான் இன்னும் அங்கிருந்து எழும்பவே இல்லை.

நேற்றுப் பகவதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பமாட்டாள் என்று நினைத்தேன். என் வலது கையை இழுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு, தின்ன வீட்டுக்கு இப்படியா செய்துவிட்டு வந்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். பெட்டியில் என் சட்டைகளை அவளே மடித்து வைத்தாள். பிள்ளை வருகிறதற்குள் வந்துவிடுங்கள் என்றாள். போனால் நாலைந்து பிடிதான். விழுங்கிவிட்டால் மஸாஹிர் எழும்புவான், நானும் எழும்புவேன். ஆனால் என் தொண்டை இந்தத் தடவையும் அடைத்துக்கொண்டால், பாயில் நாங்கள் இரண்டு பேரும்தான்.

இப்போது மதுரை விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கொழும்பு விமானத்துக்கு இன்னும் அரை மணி இருக்கிறது. சற்று முன் பரிசோதனை வரிசையில், வலது கையை மூடியே வைத்திருக்கிறேன் என்று ஒரு காவலர் சந்தேகப்பட்டார். திறக்கச் சொன்னார். திறந்தேன்.

அவர் மூக்கைச் சுளித்தார். "என்ன சார், பிரியாணியா? சாப்பிட்டால் கை கழுவ மாட்டீங்களா?"

"இன்னும் சாப்பிட்டு முடிக்கல சார்," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே போகச் சொன்னார். நான் என் கையைப் பார்த்தேன். விரல் நுனியில் ஐந்தாறு பருக்கைகள், சற்று முன் இறக்கி வைத்த சோறு போல ஆவி பறக்க இருந்தன.